கிறித்தவச் செபத்துக்குள் யோகம்: உடலிலிருந்து மௌனம்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்புக்குள், சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. சாந்திவனம் என்றே பலரும் அழைப்பர். பிரான்சிலிருந்து வந்த ஜூல்ஸ் மோன்சானின், ஹென்றி லெ சோ என்ற இரு கத்தோலிக்கக் குருக்கள் 1950-இல் அதைத் தொடங்கினார்கள். ஒருவர் பரம அரூபி ஆனந்தர் என்றும் மற்றவர் அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டு, காவி உடுத்தி, தரையில் அமர்ந்து செபித்தார்கள். 1968-இல் பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் 1993-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். காலைச் செபத்தில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் இட்டுக்கொள்ளும் அந்தச் சிற்றாலயத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. யோகப் பயிற்சியைக் கிறித்தவச் செபத்தோடு இணைப்பது சரியா என்று இன்று கேட்பவர், அறிந்தோ அறியாமலோ, அங்கே முக்கால் நூற்றாண்டாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வியைத்தான் கேட்கிறார்.

இந்த வழிகாட்டி ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர் தம் வீட்டில், நாளொன்றுக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கிச் செய்யக்கூடிய முறை ஒன்றை விவரிக்கிறது. இதன் அடிப்படை ஒன்றே: யோகம் உடலையும் மூச்சையும் அடக்கி நம்மை வாசல்வரை கொண்டுவந்து விடும், கதவைத் திறப்பது இறைவனின் விருப்பம். கீழே வரும் ஒவ்வொரு படியின் வரிசையும் கால அளவும் எச்சரிக்கையும் இதிலிருந்தே வருகின்றன.

தொடங்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டியவை

யோகம் என்ற சொல்லுக்குள் மூன்று அடுக்குகள் இருப்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மேலடுக்கு ஆசனங்கள். நடு அடுக்கு மூச்சையும் கவனத்தையும் நெறிப்படுத்தும் பயிற்சி. அடியில் இருப்பது தத்துவம். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறத்தாழ 195. அவற்றுள் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே. நாம் யோகா வகுப்பு என்று அழைப்பதில் பெரும்பகுதி, அந்த நூல் ஓரிரு வரிகளில் கடந்து செல்லும் பகுதியாகும். நூலின் இலக்கு வேறு: புருஷன் என்னும் ஆன்மா, பிரகிருதி என்னும் இயற்கையின் கட்டிலிருந்து விலகித் தனித்து நிற்கும் கைவல்யம். கிறித்தவ நம்பிக்கையின் இலக்கோ உறவு. படைத்தவருக்கும் படைக்கப்பட்டவருக்கும் இடையிலான அன்பு, அதில் இருவரும் இருவராகவே இருப்பார்கள். சூத்திரங்களில் ஈசுவரனுக்கு இடம் உண்டு என்றாலும், அவர் வினைகள் தீண்டாத தனிச்சிறப்புடைய புருஷனாகவே வருகிறார். மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்கும் தந்தையாக வருவதில்லை. எனவே முதலிரண்டு அடுக்குகளைப் பயன்படுத்துவதற்கும் மூன்றாவதை ஏற்பதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் உடற்பயிற்சிதான் என்று சொல்லிக் கடந்துவிடுவது நேர்மையாகாது. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைத்த மண்ணில் அப்படிச் சொல்வது, கடன் வாங்கியதை மறைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது திருச்சபையின் நிலைப்பாடு. 1965 அக்டோபரில் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது. 1989 அக்டோபர் 15 அன்று, கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலிருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறித்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடல், யோகத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது. பிற சமயங்களின் முறைகள், செபிப்பவர் உள்ளமைதியோடு இறைவன்முன் நிற்க உதவலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் உடற்பயிற்சி தரும் இதமான உணர்வைத் தூய ஆவியாரின் ஆறுதலாக எண்ணிவிடுவது முற்றிலும் தவறான வழி என்றும் எச்சரிக்கிறது. அந்த மடல் தேதியிடப்பட்ட நாள் அவிலா நகர்ப் புனித தெரேசாவின் திருநாள். செப அனுபவங்களை இரக்கமின்றிச் சோதித்துப் பார்த்தவர் அவர் என்பதால் அந்த நாள் பொருத்தமாகவே அமைந்தது.

எல்லாத் திருச்சபைகளும் இப்படிக் கருதுவதில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஆயர் மன்றம் 2020-இல் யோகா கிறித்தவ நம்பிக்கைக்கு முற்றிலும் ஒவ்வாதது என அறிவித்தது; பெந்தகோஸ்து சபைகள் பலவற்றில் அந்தச் சொல்லையே தவிர்ப்பார்கள். உங்கள் சபையின் போதனை அதுவானால், அதை மீறிக்கொண்டு ஒளிந்து பயிற்சி செய்யாதீர்கள். சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படிப்பது இங்கே உதவும். தாம் உண்பது குற்றமில்லை என்று உறுதியாக அறிந்திருந்தும், உடன்பிறந்தவரின் மனச்சான்று புண்படுமானால் விட்டுவிடுகிறேன் என்கிறார். வீட்டில் தாயோ மாமியாரோ இதனால் கலங்குவார்களானால், முதலில் அவர்களோடு பேசுங்கள். பிறகு பாய் விரியுங்கள். ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம், அல்லது பங்குத்தந்தையிடம், தொடங்கும் முன்பே சொல்லிவிடுவதும் நல்லது. அனுமதிச் சீட்டு வாங்குவதற்காக அன்று. மூன்று மாதம் கழித்து உங்களிடம் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக.

உடல்நிலையும் ஆசிரியரும்

உயர் இரத்த அழுத்தம், குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய், குடலிறக்கம், கழுத்து அல்லது முதுகுத்தண்டுக் கோளாறு, கருவுற்றிருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் நிலைகளும், மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கும் கும்பகமும் இந்த முறையில் எவருக்குமே இல்லை. செபத்துக்கு அவை தேவையில்லை.

ஆசனங்களை நேரில் ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மைசூர் அரண்மனையில் 1930-களில் கற்பித்துப் பின்னர் சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியாரும், 1976-இல் அவர் பெயரில் யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தை நிறுவிய மகன் தேசிகாச்சாரும், பயிற்சியை ஆளுக்கேற்ப அமைக்க வேண்டும் என்பதை வற்புறுத்தினார்கள். அந்த வழியில் வந்த ஆசிரியர் கிடைத்தால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மிகவும் நல்லது. நீங்கள் கிறித்தவர் என்பதையும், வழிபாட்டு மந்திரங்களைச் சொல்ல இயலாது என்பதையும் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில், இதைக் கேட்டு வருத்தப்பட்ட ஆசிரியர் எவரும் இல்லை. வகுப்பின் நடுவில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

இடம், நேரம், தொடக்கம்

விடியலுக்கு முன், வெறும் வயிற்றில் செய்வது சிறந்தது. மாலையில் செய்வதானால் உணவுக்கும் பயிற்சிக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். நழுவாத பாய் ஒன்று, உட்காரக் கெட்டியான திண்டு அல்லது நாற்காலி, எட்டும் தூரத்தில் விவிலியம், கண்மட்டத்தில் ஒரு சிலுவை, இவை போதும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். நேரம் பார்க்க வேண்டுமே என்ற சாக்கு எல்லாருக்கும் வரும். எட்டு ரூபாய் கொடுத்து வாங்கிய ஊதுவத்தியும் அந்த வேலையைச் செய்துவிடும்.

நின்றபடி சிலுவை அடையாளம் வரையுங்கள். அன்றாடம் ஈ ஓட்டுவதுபோல் கையை வீசி முடித்துவிடும் அந்தச் செயலை ஒரு முழு மூச்சளவு நீட்டுங்கள்: நெற்றியில் விரல் படும்போது தந்தையின் பெயர், நெஞ்சில் படும்போது மகனின் பெயர், தோளிலிருந்து தோளுக்குக் கை செல்லும்போது தூய ஆவியின் பெயர். பிறகு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதைச் சொந்தச் சொற்களில் ஒரே வாக்கியத்தில் அவரிடம் சொல்லுங்கள். முதுகு வலிக்கிறது, உறக்கம் வரவில்லை என்பதும்கூட ஏற்ற காரணமே.

உடலைச் செபத்துக்கு அழைத்தல்: 15 நிமிடம்

உடலால் செபிப்பது நமக்குப் புதிதல்ல. பெரிய வெள்ளி வழிபாடு தொடங்கும்போது குருவானவர் பீடத்தின்முன் முகங்குப்புற விழுகிறார். வேளாங்கண்ணியில் மணல் பாதையில் முழங்காலால் நடந்து செல்லும் மக்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலில், முழந்தாளிட்டோ, குப்புற விழுந்தோ, மல்லாந்து படுத்தோ, அமர்ந்தோ, நின்றோ தியானிக்கலாம் என்றும், தேடியது ஒரு நிலையில் கிடைத்துவிட்டால் வேறு நிலைக்கு மாற வேண்டாம் என்றும் எழுதினார். கடைசி அறிவுரையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசனங்களை எண்ணி முடிக்கும் அவசரத்துக்கு அதுவே மருந்து.

தாடாசனத்தில் தொடங்குங்கள். பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றி, எடை குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் சமமாகப் பரவும்வரை நில்லுங்கள். மூச்சு உள்ளே வரும்போது கைகளை மெல்ல உயர்த்தி, வெளியேறும்போது இறக்குங்கள், ஆறு முறை. மூச்சு முதலில் தொடங்கிக் கை பின்தொடர வேண்டும் என்பதே இதிலுள்ள நுட்பம். பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனைபோல் முதுகை வளைத்து நிமிர்த்துங்கள், ஆறு முறை. அங்கிருந்து இடுப்பைக் குதிகால்மீது சாய்த்து, நெற்றியைத் தரையில் வைத்துப் பாலாசனத்தில் ஒரு நிமிடம் தங்குங்கள். குப்புறப் படுத்து, கைகளின் வலுவைப் பயன்படுத்தாமல் முதுகின் வலுவால் மட்டும் நெஞ்சைச் சிறிதே உயர்த்தும் புஜங்காசனம் நான்கு முறை. கால்களை நீட்டி அமர்ந்து, முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டே முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம் நான்கு முறை. இறுதியில் இரண்டு நிமிடம் சவாசனம். இரண்டு நிமிடம் என்று கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு: முதல் மாதம் முழுக்க நான் சவாசனத்திலேயே உறங்கிவிட்டேன், என் குறட்டையைக் கேட்டு எழுந்தவர்கள் வீட்டில் காபி போடத் தொடங்கிவிட்டார்கள்.

சூரிய நமஸ்காரத்தைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். அதன் பெயரும் அதோடு சொல்லப்படும் மந்திரங்களும் கதிரவனை வணங்குபவை. மந்திரத்தை நீக்கினாலும் பெயரும் நோக்கமும் மிஞ்சுகின்றன. தயக்கம் இருப்பவர்கள் விட்டுவிடலாம். மேற்சொன்ன வரிசையே உடலுக்குப் போதிய அசைவைத் தருகிறது. ஒவ்வோர் ஆசனத்துக்கும் ஒரு விவிலிய வசனத்தை ஒட்டிவைக்கும் வழக்கத்தையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். நாகம்போல் நெஞ்சை நிமிர்த்தும்போது பாம்பின் தலையை நசுக்கும் வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தால், மனம் ஆசனத்திலும் இராது, வசனத்திலும் இராது.

மூச்சு: 5 நிமிடம்

எபிரேய மொழியில் ரூவா, கிரேக்கத்தில் நியூமா என்ற சொற்கள் மூச்சையும் ஆவியையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் நாம் இதற்கு வெளியே போகவே வேண்டியதில்லை; உலையிலிருந்து எழுவதும் ஆவி, உடலில் உலவும் உயிர்ப்பும் ஆவி, பெந்தகோஸ்து நாளில் இறங்கியவரும் தூய ஆவி. தொடக்கநூலில் கடவுள் மனிதனின் நாசிக்குள் உயிர்மூச்சை ஊதுகிறார். யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதுகிறார்.

அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். இரண்டு நிமிடம் இப்படி ஆனபின், பழகியவர்கள் கும்பகம் இல்லாத நாடி சுத்தியை மூன்று நிமிடம் செய்யலாம்: இடது நாசியால் இழுத்து வலதால் விட்டு, வலதால் இழுத்து இடதால் விடுவது ஒரு சுற்று. தலை சுற்றினால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிடுங்கள். இழுக்கும் மூச்சைப் பெற்றுக்கொண்டதாகவும் விடும் மூச்சைத் திரும்பக் கொடுப்பதாகவும் உணர்ந்தால் போதும். இந்த ஐந்து நிமிடத்தில் வேறு எதையும் கற்பனை செய்ய வேண்டாம்.

அமர்ந்திருத்தல்: 20 நிமிடம்

இதுவரை செய்ததெல்லாம் இதற்காகத்தான். சம்மணமிட்டு அமர இயலுமானால் இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்கும்படி திண்டின் விளிம்பில் அமருங்கள். இயலாவிட்டால் நாற்காலி. என் முழங்கால்கள் இரண்டு ஆண்டு பிடிவாதத்துக்குப் பின் என்னை நாற்காலிக்கு அனுப்பிவைத்தன. செபத்தில் அதனால் ஒரு குறையும் காணவில்லை.

மௌனத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டும். கிறித்தவ மரபு மூன்று வழிகளைத் தருகிறது. முதலாவது, கீழைத் திருச்சபைத் துறவியர் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் இயேசு மன்றாட்டு. அதன் நீண்ட வடிவத்தைவிட, எரிகோ சாலையோரத்தில் பர்த்திமேயு கத்திய சொற்கள் தமிழ் மூச்சுக்கு நன்றாகப் பொருந்துகின்றன: இழுக்கும்போது "இயேசுவே, தாவீதின் மகனே", விடும்போது "எனக்கு இரங்கும்".

இரண்டாவது, ஜான் மெயின் என்ற பெனடிக்ட் சபைத் துறவி பரப்பிய ஒற்றைச் சொல் செபம். அவர் துறவியாகும் முன், 1950-களில் மலாயாவில் ஆங்கிலேய அரசுப் பணியில் இருந்தபோது, சத்தியானந்தர் என்ற இந்து சுவாமியிடம் மந்திர தியானம் கற்றார். துறவு மடத்தில் சேர்ந்தபின் அதை விட்டுவிடும்படி சொன்னார்கள், அவரும் விட்டார். பல ஆண்டுகள் கழித்து, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜான் கசியான் எழுதியவற்றைப் படித்தபோது, பாலைவனத் துறவியர் ஒரே திருப்பாடல் வரியை இடைவிடாது சொன்ன வழக்கம் கண்ணில் பட்டது. தாம் இந்து ஒருவரிடம் பெற்றது தம் சொந்த வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கிறது என்பதை அறிந்தார். அவர் தேர்ந்த சொல் மாரநாதா. ஆண்டவரே வாரும் என்று பொருள்படும் அரமேயச் சொல், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில் வருவது. மா, ர, நா, தா என்று நான்கு அசைகளையும் ஒரே அழுத்தத்தில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இஞ்ஞாசியார் சொன்ன மூச்சளவுச் செபம்: ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என இயேசு கற்பித்த செபத்தைச் சொல்வது. இலத்தீனில் அந்தச் செபம் தந்தை என்ற சொல்லோடு தொடங்குகிறது. தமிழில் "விண்ணுலகில்" ஒரு மூச்சு, "இருக்கிற" ஒரு மூச்சு, "எங்கள்" ஒரு மூச்சு. நான்காம் மூச்சில்தான் "தந்தாய்" வருகிறது. தமிழிலக்கணம் தரும் அந்த மூன்று மூச்சுக் காத்திருப்பை நான் ஒரு கொடையாகவே கருதுகிறேன். அவசரக்காரர்கள் முதலில் இந்த வழியை முயன்று பார்க்கலாம்.

ஒன்றைத் தேர்ந்து குறைந்தது மூன்று மாதம் மாற்றாதீர்கள். மனம் அலையும்; கல்யாணச் செலவும் அலுவலகத்தில் நடந்த வாக்குவாதமும் வந்து அமரும். அவற்றோடு சண்டையிடாமல், அலைந்ததை உணர்ந்த அந்தக் கணத்தில் சொல்லுக்குத் திரும்புங்கள். இருபது நிமிடத்தில் நூறு முறை திரும்பினால் நூறு முறை அவரை நோக்கித் திரும்பியதாகவே பொருள். மனத்தை வெறுமையாக்குவது நம் வேலை அன்று.

வாக்குக்குத் திரும்புதல்: 10 நிமிடம்

மௌனத்திலிருந்து எழுந்து நேரே சமையலறைக்குப் போய்விடாதீர்கள். அன்றைய திருப்பலியின் நற்செய்திப் பகுதியை, உதடு அசைய, மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். தைத்த சொல் எதுவோ அதைப் பற்றி அவரிடம் பேசுங்கள். நன்றி, முறையீடு, கோபம், எதுவானாலும் பேச்சாக அது வர வேண்டும். பிறருக்காக ஒரு மன்றாட்டைச் சேர்த்து, இயேசு கற்பித்த செபத்தோடு முடியுங்கள். நேரமில்லாத நாளில் ஆசனத்தைக் குறையுங்கள், இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். பயிற்சியைக் கிறித்தவச் செபமாக்கும் பகுதி இதுவே.

முதல் இரண்டு வாரம் ஆசனமும் மூச்சும் பாதியளவு, அமர்தல் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால், ஒரு மாதத்தில் முழு அளவுக்கு வந்துவிடலாம்.

சோதித்துப் பார்த்தல்

சில வாரங்களில் உடல் இலேசாகும், உறக்கம் சீர்படலாம், அமர்ந்திருக்கும்போது வெப்பம், ஒளி, காரணமற்ற கண்ணீர் போன்றவை சிலருக்கு வரும். இவற்றைத் துரத்தவும் வேண்டாம், பற்றிக்கொள்ளவும் வேண்டாம். மூச்சு நீண்டால் நரம்புகள் தளர்வது எந்த மதத்தவருக்கும் நாத்திகருக்கும் பொதுவானது. அதை அருள் என்று பெயரிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மறுபுறம், ஆழ்ந்த துயரமோ பழைய அதிர்ச்சியோ உள்ளவர்களுக்கு மௌனம் அச்சத்தைக் கிளறிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் கண்ணைத் திறந்து, எழுந்து நடந்து, அன்றைய அமர்தலை அங்கேயே விட்டுவிட்டு, வழிகாட்டியிடமும் தேவையானால் மனநல மருத்துவரிடமும் பேசுங்கள்.

அவிலா தெரேசா தம் சகோதரிகளுக்குச் சொன்ன அளவுகோல் எளியது: கடவுளை அன்பு செய்கிறோமா என்று உறுதியாக அறிய முடியாது, அயலாரை அன்பு செய்கிறோமா என்பதை அறியலாம். எனவே மூன்று மாதம் முடிந்ததும் வழிகாட்டியின்முன் இவற்றைச் சொல்லிப் பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்குப் போகும் ஆவல் கூடியிருக்கிறதா, அல்லது அங்கே இரைச்சல், வீட்டிலேயே அமைதி என்று தோன்றத் தொடங்கியிருக்கிறதா? செபமாலை சொல்லும் பாட்டியை மனத்துக்குள் ஏளனம் செய்கிறீர்களா? காலையில் குழந்தை அழுது பயிற்சி கலைந்த நாளில் யார்மேல் எரிந்து விழுந்தீர்கள்? கடைசிக் கேள்விக்கான விடையை வீட்டாரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

பங்கில் குழுவாகச் செய்வதானால்

பங்குத்தந்தையின் ஒப்புதலும், பங்குப் பேரவையில் வெளிப்படையான அறிவிப்பும் முதலில் வேண்டும். வதந்தி பரவியபின் விளக்கம் கொடுப்பது எளிதன்று. ஆலயத்துக்குள் செய்யாமல் மண்டபத்தில் செய்யுங்கள். ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள். 2015 ஜூன் 21-இல் வந்த முதல் சர்வதேச யோகா நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால் கிறித்தவர்களிடையே எழுந்த மனத்தாங்கல் பலருக்கு நினைவிருக்கும். கிறித்தவ யோகா என்று பெயர்ப்பலகை எழுதுவதையும் நான் விரும்பவில்லை. இந்து நண்பர்களுக்கு அது பறித்துக்கொண்டதுபோல் தோன்றும், நம்மவர் சிலருக்குக் கலப்படம்போல் தோன்றும். உடல், மூச்சு, மௌனச் செபம் என்று நடப்பதை நடப்பதாகவே எழுதினால் இரு தரப்புக்கும் விளங்கும். ஆசனப் பகுதிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரையும், மௌனத்துக்கும் நற்செய்தி வாசிப்புக்கும் பங்கைச் சேர்ந்த ஒருவரையும் பொறுப்பாக்குங்கள். ஆசனம் வேண்டாம் என்பவர்கள் இருபதாம் நிமிடத்தில் வந்து மௌனத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று முன்னரே சொல்லிவையுங்கள். அவர்களுக்காகக் கதவோரம் பத்து நாற்காலிகளைப் போட்டு, கதவைச் சாத்தாமல் விட்டுவிடுங்கள்.